மலைக் குரலில் பாடிய கோமாளி
அம்பத்தூர் ரசிகர்கள் மறக்காத சந்திரபாபு

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். மாலை நேரம். வரவேற்பு நடக்கிறது.

மேடையில் மெல்லிசைக் குழுவினர் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் புதிய பாட்டு. வாலிபர்கள் கை தட்டுகிறார்கள். குழந்தைகள் ஆடுகிறார்கள். பெரியவர்களோ பந்திக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது பின் வரிசையில் இருந்து ஒரு துண்டுச் சீட்டு மேடைக்குப் போகிறது. பாடகர் அதைப் பிரித்துப் பார்க்கிறார். சிரிக்கிறார். கிட்டார் வாசிப்பவரின் காதில் ஏதோ சொல்கிறார்.

அடுத்த நிமிடம் ஒரு விநோதமான குரல் மண்டபத்தை நிறைக்கிறது. அடித்தொண்டையில் புறப்பட்ட குரல் ஒரே தாவில் உச்சிக்கு ஏறுகிறது. உடனே கீழே குதிக்கிறது. மறுபடியும் ஏறுகிறது.

பெரியவர்களின் முகத்தில் வெளிச்சம்! பந்தியை மறந்துவிட்டார்கள்.

"யார் தாத்தா இப்படிப் பாடினது?" என்று பேத்தி கேட்கிறாள்.

"சந்திரபாபு!" என்கிறார் தாத்தா.

அந்தப் பெயரைக் கேட்டதும் அடுத்த நாற்காலியில் இருப்பவரும் திரும்புகிறார். பேச்சு தொடங்கிவிடுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பழைய பாட்டுக்கு இடம் கொடுக்கும் கச்சேரிகளில் இப்படி ஒரு சீட்டு மேடைக்குப் போவது உண்டு.

நடிகரும் பாடகருமான ஜே.பி.சந்திரபாபு இறந்தது 1974-ம் ஆண்டு மார்ச் மாதம். அப்போது அவருக்கு வயது 46. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்னமும் அந்தச் சீட்டு ஏன் போகிறது?

சைக்கிள் மிதித்தவர்களின் பாட்டு

அம்பத்தூர் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1949-ம் ஆண்டு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனி இங்கேதான் தொழிற்சாலை அமைத்தது. பிறகு தொழிற்பேட்டை வந்தது. அது 1964-ல் திறக்கப்பட்டது. பல ஊர்களில் இருந்தும் வாலிபர்கள் வேலை தேடி வந்தார்கள். குடக்கூலிக்கு வீடு பிடித்தார்கள். ஷிப்டு முடிந்ததும் சைக்கிள் மிதித்து வீடு திரும்பினார்கள்.

அவர்களுக்கு இருந்த பொழுதுபோக்கு இரண்டு. ஒன்று, கொட்டகையில் சினிமா. மற்றொன்று, டீக்கடை ரேடியோவில் இலங்கை வானொலிப் பாட்டு.

வேலையில் சிறு தவறு செய்தாலும் மேஸ்திரி "முட்டாள்" என்று திட்டுவார். வாயைத் திறக்க முடியாது. மனம் குமுறும்.

அந்த நேரத்தில்தான் ஒரு பாட்டு உதவிக்கு வந்தது. 1959-ல் வெளிவந்த "சகோதரி" படத்தில் சந்திரபாபு பாடிய பாட்டு அது. பாட்டில் வரும் மனிதன் தன்னைத் தானே முட்டாள் என்று சொல்லிக்கொள்கிறான். யாரும் திட்டுவதற்கு முன்னே அவனே திட்டிக்கொள்கிறான். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறான்.

தன்னைத் தானே முட்டாள் என்று சொன்னவனை வேறு யார் என்ன சொல்லிவிட முடியும்?

அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்கள் இன்று எண்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். மண்டபத்தில் சீட்டு அனுப்புகிறவர்கள் அவர்களே!

அந்தப் பாட்டை எழுதியவர் கண்ணதாசன். இசை அமைத்தவர் ஆர்.சுதர்சனம். "சகோதரி" படம் முடிந்த பிறகு, அதில் கலகலப்பு போதவில்லை என்று ஏவி.எம். நிறுவனத்தார் நினைத்தார்கள். சந்திரபாபுவை அழைத்துப் பால்காரர் வேடம் கொடுத்து, நகைச்சுவைக் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். படம் பிழைத்துக்கொண்டது!

தூத்துக்குடிப் பிள்ளை

இந்த விநோத மனிதர் எங்கே பிறந்தார்?

1927-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தூத்துக்குடியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடியில் புகழ்பெற்ற பனிமய மாதா கோவில் இருக்கிறது. அந்த மாதாவின் பெயரே பிள்ளைக்கும் அமைந்தது.

தந்தை நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டவர். பத்திரிகை நடத்தியவர். வெள்ளைக்காரர் ஆட்சியின் கோபத்துக்கு ஆளானார். குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. பையன் கொழும்பில் வளர்ந்தான். அங்கேதான் ஆங்கிலப் பேச்சும், மேல்நாட்டுச் சங்கீதமும், ஆட்டமும் அவனுக்குப் பழக்கமாயின.

1943-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணியில் குடியேறியது. பையனுக்கு ஒரே ஆசை, சினிமா!

1947-ல் "தன அமராவதி" என்ற படத்தில் தலை காட்டினார். ஆனால் வாய்ப்புகள் தொடர்ந்து வரவில்லை. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் பேசும் ஒல்லிப் பையனைக் கண்டு பலர் சிரித்தார்கள். வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசனைப் பார்க்க அவர் முயன்றார். முடியவில்லை. மனம் உடைந்தார். 1952-ல் ஜெமினி ஸ்டூடியோவுக்குள்ளேயே உயிரை விடத் துணிந்துவிட்டார். நல்ல வேளையாகக் காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு ஜெமினியின் "மூன்று பிள்ளைகள்" படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது.

அன்று அவர் உயிர் போயிருந்தால்? அம்பத்தூர்க்காரர்கள் முணுமுணுக்க அந்தப் பாட்டு இருந்திருக்காது. எத்தனை பெரிய நஷ்டம் நேர இருந்தது என்பது அந்த நிமிடத்தில் அவருக்கே தெரியவில்லை!

ஆகஸ்டு மாதத்து அதிசயம்

அந்தத் தாவும் குரலுக்கு "யோடலிங்" என்று பெயர்.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா நாடுகளில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. ஒரு மலையில் மாடு மேய்ப்பவன் எதிர் மலையில் இருப்பவனைக் கூப்பிட வேண்டும். சாதாரணக் குரல் அவ்வளவு தூரம் கேட்காது. அதனால் குரலைக் கீழிருந்து மேலே எகிற வைத்துக் கூவுவார்கள். அந்தக் கூவலே நாளடைவில் பாட்டாகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது?

மனிதனுக்கு இரண்டு விதக் குரல் உண்டு. நெஞ்சில் இருந்து வருவதுபோல் ஒலிக்கும் கனத்த குரல் ஒன்று. தலையில் இருந்து வருவதுபோல் ஒலிக்கும் மெல்லிய குரல் மற்றொன்று. ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் குரல் உடையும். நல்ல பாடகர்கள் அந்த உடைசல் தெரியாமல் மறைக்கப் பல ஆண்டுகள் பழகுவார்கள். யோடலிங் பாடுகிறவரோ அந்த உடைசலையே எடுத்துக் காட்டுவார். அதுதான் அதன் அழகு!

இந்தப் பாட்டு கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அதை இசைத்தட்டின் மூலம் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரெயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் முதன்முதலாக இசைத்தட்டில் பாடியது 1927-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்ததும் அதே மாதம்! இந்தி சினிமாவில் இப்படிப் பாடிப் புகழ் பெற்ற கிஷோர் குமார் பிறந்ததும் ஒரு ஆகஸ்டு மாதத்தில்தான். ஆண்டு 1929.

தமிழ்ப் பாட்டில் இந்த மலைக் குரலை நிலைநிறுத்தியவர் சந்திரபாபு. 1954-ல் வந்த "பெண்" படத்தில் அவர் மற்றொருவருக்காகக் குரல் கொடுத்தார். திரையில் வாயசைத்தவர் யார் தெரியுமா? வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர்!

கூத்தில் வரும் கட்டியங்காரன்

அம்பத்தூரைச் சுற்றியுள்ள தொண்டை நாட்டுக் கிராமங்களுக்குத் தெருக்கூத்து புதிது அல்ல. திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து நடக்கும்.

கூத்தில் ராஜா வருவார். கிரீடம் பளபளக்கும். அவருக்கு முன்னால் வருகிறவன் கட்டியங்காரன். ராஜாவின் பெருமையைப் பாடுவது அவன் வேலை. ஆனால் நடு நடுவே ராஜாவையே கேலி செய்வான். ஊர்ப் பெரியவர்களையும் ஒரு பிடி பிடிப்பான். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் அவன் கோமாளி!

கூத்துப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் சந்திரபாபுவைத் திரையில் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார்கள். சூட்டும் தொப்பியும் புதிது. ஆள் பழைய கட்டியங்காரன்தான்.

1958-ல் வெளிவந்த "பதிபக்தி" படத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் "ராக் அண்ட் ரோல்" என்னும் ஆட்டப்பாட்டு கிளம்பிய காலம் அது. நம் ஊரிலும் சிலர் அதைக் கேட்டு மயங்கினார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பெயரையே பல்லவியில் வைத்துப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஒரு பாட்டு எழுதினார். சங்கீத ஞானம் மிக்க வி.என்.சுந்தரமும் சந்திரபாபுவும் சேர்ந்து அதைப் பாடினார்கள்.

அதே 1958-ல் "சபாஷ் மீனா" வந்தது. கதாநாயகன் சிவாஜி கணேசன். சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். அதில் ஒருவன் ரிக்‌ஷாக்காரன். பட்டணத்து ஏழை ஜனங்கள் பேசும் மெட்ராஸ் பாஷையை அந்த வேடத்தில் அவர் பேசினார். பிறந்தது தூத்துக்குடி, வளர்ந்தது கொழும்பு. ஆனாலும் பட்டணத்துத் தெருப் பேச்சை அத்தனை சுத்தமாகப் பிடித்துவிட்டார்! சினிமாவில் அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர்.

கோமாளி வேடத்தில் உண்மை பேசும் பாட்டுக்காரர்கள் மற்ற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் பிராங்க் ஜப்பா என்று ஒருவர் இருந்தார். ராக் இசைக்காரர். விசித்திரமான மனிதர். அரசியல்வாதிகளைக் கேலி செய்து பாடுவார். தன் போன்ற இசைக்காரர்களையும் விடமாட்டார். இசைத்தட்டுகளின் மீது எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று 1985-ல் பேச்சு எழுந்தபோது, செனட் சபைக் குழுவின் முன் போய் அதை எதிர்த்துப் பேசினார். 1993-ல் அவர் இறந்தார். இன்றும் அவருக்கு ரசிகர்கள் உண்டு.

ஜப்பா ஊரைப் பார்த்துச் சிரித்தார். சந்திரபாபு முதலில் தன்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகுதான் ஊரைப் பார்த்துச் சிரித்தார். அம்பத்தூர் ரசிகர்களுக்கு அவரை நெருக்கமாக்கியது அதுதான்.

சிரிப்புக்குள் கேள்வி

1960-ல் "கவலை இல்லாத மனிதன்" வந்தது. கண்ணதாசன் எடுத்த படம். சந்திரபாபுதான் கதாநாயகன். பிறப்பு முதல் இறப்பு வரை மனிதனோடு கூடவே வரும் அழுகையைப் பற்றி அதில் அவர் ஒரு பாட்டுப் பாடினார். விசுவநாதன்-ராமமூர்த்தி இசை. படம் ஓடவில்லை. கண்ணதாசனுக்குப் பெரும் நஷ்டம். பாட்டு மட்டும் நின்றுவிட்டது.

1962-ல் "அன்னை" வந்தது. புத்திசாலியாக இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று ஊரெல்லாம் சொல்லும் கணக்கை அதில் ஒரு பாட்டுக் கேள்வி கேட்கிறது. அதையும் சந்திரபாபுதான் பாடினார்.

ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் அவர் பாடிய கதையை ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஜனாதிபதி பாட்டை ரசித்துப் பாராட்டினாராம். சந்திரபாபு சந்தோஷம் தாங்காமல் ஓடிப் போய் அவர் மடியிலேயே உட்கார்ந்து கன்னத்தைத் தட்டினாராம்! கூட இருந்தவர்கள் பதறினார்கள். ஜனாதிபதியோ சிரித்துவிட்டாராம்.

பெரியவர், சிறியவர் என்று பார்த்து நடக்கத் தெரியாத மனிதர். அது அவருக்குப் புகழையும் தந்தது. பகையையும் தந்தது.

மாடிக்கு ஏறிய கார்

பணம் வந்தது. சென்னை கேசவப்பெருமாள்புரத்தில் ஒரு பங்களா கட்டத் தொடங்கினார். எப்படிப்பட்ட பங்களா? காரில் இருந்து இறங்காமல் மாடிக்கே போய்விடலாம். அப்படி ஒரு பாதை போட்டுக் கட்டினார்!

சொந்தமாகப் படம் எடுக்கவும் ஆசைப்பட்டார். எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக வைத்து ஒரு படம் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் "மாடி வீட்டு ஏழை". படம் பாதியில் நின்றது. போட்ட பணம் போயிற்று. கடன் ஏறியது. ஆசையாகக் கட்டிய பங்களாவும் கை மாறியது.

படத்தின் பெயரே அவர் ஜாதகமாகிவிட்டது!

1958-ல் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. குடிப்பழக்கம் பற்றிக்கொண்டது. 1966-ல் "தட்டுங்கள் திறக்கப்படும்" என்ற படத்தைத் தாமே எழுதி, இயக்கி, நடித்தார். பெயர் பைபிளில் உள்ள வாசகம். 1952-ல் ஜெமினியின் கதவைத் தட்டிய அதே மனிதர், இப்போது ஜனங்களின் கதவைத் தட்டினார். அந்தத் தடவை கதவு திறக்கவில்லை. படம் தோல்வி அடைந்தது.

பிறகு சிறு சிறு வேடங்கள். 1969-ல் எம்.ஜி.ஆரின் "அடிமைப்பெண்" படத்தில் நடித்தார். ஆனால் பழைய ஆரவாரம் இல்லை.

அந்த நாட்களிலும் அவரைக் கைவிடாத நண்பர் ஒருவர் உண்டு. அவர்தான் இசை அமைப்பாளர் எம்.எஸ்.விசுவநாதன். 1974 மார்ச்சில் சந்திரபாபு கண்ணை மூடினார். சாந்தோம் பக்கத்தில் உள்ள குயிபிள் தீவுக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இரண்டு கட்சிகள்

சந்திரபாபு பேச்சு வந்தால் அம்பத்தூரில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும்.

"என்ன இருந்து என்ன? கையில் வந்த பணத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை. குடித்துக் கெட்டார்" என்பது ஒரு கட்சி.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. மாதச் சம்பளத்தில் சீட்டுக் கட்டி, அரைக் கிரவுண்டு மனை வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இந்தப் பேச்சைப் பேசுகிறார்கள். அவர்களுக்குப் பேச உரிமை உண்டு.

"அவர் கணக்கை அவர் தீர்த்துவிட்டார். நம் கணக்கு என்ன? வேலை இல்லாத நாளில் நம்மைச் சிரிக்க வைத்தது யார்?" என்பது மற்றக் கட்சி.

ரசிகர்கள் வருந்துவது ஒன்றுக்காகத்தான். சந்திரபாபு என்றால் இன்று பலர் பங்களாக் கதையைச் சொல்கிறார்கள். கடன் கதையைச் சொல்கிறார்கள். கல்யாணக் கதையைச் சொல்கிறார்கள். பாட்டைச் சொல்வதில்லை. ஒரு மனிதன் விழுந்த இடத்தை மட்டும் காட்டி, அவன் நடந்த தூரத்தை மறைப்பது நியாயமா?

அவர் விட்டுப்போன சொத்து வீடு அல்ல, குரல். ஆடவும் பாடவும் தெரிந்த நகைச்சுவை நடிகர் என்ற இடத்தை அவர் உண்டாக்கிவிட்டுப் போனார். 1996-ல் வந்து வெற்றி பெற்ற "உள்ளத்தை அள்ளித்தா" படத்தின் கதை, "சபாஷ் மீனா"வை ஒட்டியது. அதைப் பார்த்துச் சிரித்த வாலிபர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

உடைந்தால் என்ன?

அம்பத்தூரும் மாறிவிட்டது. 2011-ல் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சைக்கிள் கூட்டம் போன சாலையில் இன்று காரும் பஸ்ஸும் நெரிகின்றன. தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் கம்பெனிகள் கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கின்றன.

மண்டபத்தில் பாட்டு முடிந்துவிட்டது. கைதட்டல். பந்திக்கு அழைப்பு வருகிறது. பெரியவர் மெல்ல எழுந்திருக்கிறார்.

பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். போகிற வழியில் அந்தக் குரலைத் தானும் போட்டுப் பார்க்கிறாள். கீழே நன்றாகத் தொடங்குகிறது. மேலே போகும்போது குரல் பிசிறி உடைகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பெண்ணுக்கு வெட்கம். வாயை மூடிக்கொள்கிறாள்.

"ஏன் கண்ணு நிறுத்திட்டே?" என்கிறார் தாத்தா. "உடைஞ்சா உடையட்டும். அவரு பாட்டே அங்கேதான் இருக்குது. இன்னொரு தடவை பாடு."

அவள் பாடுகிறாள். இந்தத் தடவை தாத்தாவும் சேர்ந்துகொள்கிறார்.